பெல்ட் கிரைண்டருக்குத் துல்லியம் எதற்கு என்கிறவர்களுக்கு

சிங்கப்பூர்ப் பட்டறைகளில் கேள்வி கேட்பார் இல்லாமல் உலவும் கருத்து ஒன்று உண்டு. பெல்ட் கிரைண்டர் என்பது பிசிறு தட்டவும், முனை மழுக்கவும், வெல்டிங் மேட்டைச் சமன்செய்யவும் மட்டும்தான். அளவு வேண்டுமா, மில்லிங்குக்குப் போ, சர்ஃபேஸ் கிரைண்டருக்குப் போ, சிஎன்சிக்குக் கொடு. பெல்ட் கிரைண்டருக்கு நானே ஒரு ரெஸ்ட் செய்கிறேன், கோணம் பிடிக்க ஜிக் செய்கிறேன், காந்தத் தட்டும் திருகும் வைத்துத் தளம் தேய்க்கிறேன் என்று ஒருவர் இறங்கினால் அது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை.

இதைச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஊபியிலும் காக்கி புக்கிட்டிலும் அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் பட்டறை நடத்துபவர்கள், எந்திரம் விற்பவர்கள், பட்டம் பெற்ற பொறியாளர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆளுக்கொரு காரணமும் வைத்திருக்கிறார்கள். எந்திரமே கரடுமுரடானது என்பார் ஒருவர். கடையில் கிடைப்பதை எதற்குச் செய்யவேண்டும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் மணிக்கூலிக் கணக்குப் போட்டுக் காட்டுவார். அவர் முடித்ததும் பாதுகாப்பு அதிகாரி எழுந்து நிற்பார். நான்கு பேருக்கும் தனித்தனியே பதில் இருக்கிறது. அதற்கு முன் நால்வருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: துல்லியம் என்பது எந்திரத்தோடு பெட்டியில் வந்து இறங்குவது, எவ்வளவு காசோ அவ்வளவு துல்லியம். இந்த நம்பிக்கை பிழை. பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைக் குறைக்கத் தெரிந்தவன் கையில்தான் துல்லியம் பிறக்கிறது. பெல்ட் கிரைண்டருக்குச் சொந்தமாகத் துணைக்கருவி செய்வதைப் போல அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். பெல்ட் கிரைண்டரில் பிழைகள் உண்டு, தாராளமாக உண்டு. பெல்ட் என்பது துணிமேல் ஒட்டிய தேய்ப்புத்துகள். அதன் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. இரு முனையும் சேரும் ஒட்டில் ஒரு சின்ன மேடு இருக்கும். 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த ஒட்டு நொடிக்கு ஏறத்தாழ 11 தடவை இரும்பைத் தட்டிவிட்டுப் போகும். பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தகடு சாதாரண இரும்பாக இருந்தால் கொஞ்ச நாளில் நடுவில் பள்ளம் விழும். தகட்டின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் பெல்ட் லேசாக எழும்பும். சக்கரம் மையம் விலகிச் சுற்றினால் அந்த அதிர்வு தேய்த்த தளத்தில் அலை அலையாகப் பதியும்.

எல்லாம் உண்மை. ஆனால் எந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று கேட்டால்தான் பேச்சு உருப்படும். ஒட்டு மெல்லியதாக உள்ள நல்ல பெல்ட், தேயாத பின்தகடு, சரியான இழுவிசை மூன்றும் இருந்தால் எந்திரத்தின் பங்கு ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குக்குள் அடங்கிவிடும். கையில் பிடித்துத் தேய்ப்பவரின் மணிக்கட்டு ஒரே ஒரு பாகை சாய்ந்தால்? 20 மி.மீ. கனமுள்ள துண்டின் முனையில் 0.35 மி.மீ. போய்விடும். கையில் துண்டைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கும்போது ஒரு பாகைச் சாய்வை யாருடைய கண்ணும் பிடிக்காது. ஆக, பெரிய பிழை கையில் இருக்கிறது; பழியோ பெல்ட்டின் மேல் விழுகிறது. இத்தனை காலமாக "கரடுமுரடான எந்திரம்" என்று பெயர் வாங்கியது, துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத எந்திரம். லேத்தில் டூலைக் கையால் பிடித்து இரும்பு கடைந்தால் லேத்துக்கும் அதே பெயர்தான் கிடைத்திருக்கும்.

பெல்ட் வெட்டும் முனை, அவ்வளவுதான். அந்த முனையின் முன்னால் துண்டு எந்தப் பாதையில் போகிறது என்பதுதான் தளத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பாதையைப் போடுவது துணைக்கருவி.

மிக எளிய துணைக்கருவியிலிருந்து தொடங்குகிறேன்: ரெஸ்ட், பெல்ட்டின் முன்னால் துண்டை வைக்கும் மேடை. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் புதுக்கோட்டைப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர் வேலை பார்க்கிறார். எந்திரத்தோடு வந்த ரெஸ்ட் வளைத்த தகடு, ஒற்றைப் போல்ட்டில் நிற்பது, அழுத்தினால் இறங்கும். அவர் குப்பைக்குப் போகவிருந்த 10 மி.மீ. பிளேட் துண்டை எடுத்து, கீழே தடித்த ஆங்கிள் வைத்து, மூன்று இடத்தில் மட்டும் தொடுமாறு உட்கார வைத்திருந்தார். நான்கு இடத்தில் தொட்டால் ஒன்று எப்போதும் ஆடும், மூன்று ஆடாது. சரி, மேடை பெல்ட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா? மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். "மூலைமட்டமே சரியான்னு யாருக்குண்ணே தெரியும்?" என்று சொல்லிவிட்டு இரண்டு பட்டைத் துண்டுகளை எடுத்தார்.

அவர் செய்தது இது. இரண்டு துண்டுக்கும் மேல்முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி. இரண்டையும் புள்ளி மேலே இருக்கும்படி ரெஸ்ட்டில் வைத்து, முனையை பெல்ட்டில் தேய்த்தார். ஆறவிட்டார். பிறகு சமதளக் கல்மேல் இரண்டையும் புள்ளி மேலே இருக்கும்படியே எதிரெதிராக வைத்து, தேய்த்த முனைகளை முட்டவிட்டார். ரெஸ்ட் சரியாக இருந்தால் முனைகள் மேலிருந்து கீழ்வரை ஒட்டும். சாய்ந்திருந்தால் ஒரு துண்டின் சாய்வும் மற்றதன் சாய்வும் கூடி, மேலேயோ கீழேயோ இரட்டிப்பு இடைவெளி தெரியும். 20 மி.மீ. கனத்தில் 0.1 பாகைப் பிழை இருந்தால் இடைவெளி 0.07 மி.மீ.; பின்னால் விளக்கைப் பிடித்தால் கோடாக வெளிச்சம் வரும். ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளக்கலாம். வந்த அளவைப் பாதியாக்கினால் பிழை. ரெஸ்ட்டின் தாங்கு புள்ளிகளுக்கு இடையே 100 மி.மீ. தூரம் என்றால், 0.1 பாகையைத் திருத்த ஒரு பக்கம் 0.17 மி.மீ. தூக்க வேண்டும். குளிர்பானக் கேனின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. தகடு. ஒன்றோ இரண்டோ வெட்டிச் செருகி, மறுபடி தேய்த்து, மறுபடி முட்டவைத்துப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் வெளிச்சம் போய்விட்டது.

இதில் எங்கே விலையுயர்ந்த கருவி இருக்கிறது? சான்றிதழ் பெற்ற மூலைமட்டம் எங்கே? எந்திரம் தன் பிழையைத் தானே இரட்டிப்பாக்கிக் காட்டும்படி செய்துவிட்டார், அவ்வளவுதான். இந்த ஒரு சோதனை தெரிந்தவருக்கு இரும்புக்கடைப் பிளேட்டே போதும். தெரியாதவர் ஆயிரம் வெள்ளிக்கு ரெஸ்ட் வாங்கினாலும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறியாமலே தேய்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த படி இன்னும் சுவையானது. எதிர்த்தரப்பு அதிகம் சிரிப்பதும் இதைப் பார்த்துத்தான். பெல்ட் கிரைண்டரில் தளம் தேய்ப்பது. ரப்பர் சக்கரத்தின் மேல் பெல்ட் ஓடுகிறது. அதன் முன்னால் நேர்கோட்டில் நகரும் ஒரு சறுக்குத் தண்டவாளம். அதில் காந்தத் தட்டு. தட்டை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் முன்னே தள்ள ஒரு திருகு. துண்டைக் காந்தத்தில் ஒட்டி, பெல்ட்டின் முன்னால் மேலும் கீழும் ஓட்டவேண்டும். பின்தகட்டில் தேய்த்தால் துண்டு முழுவதும் பெல்ட்டில் படியும், சூடேறும், பெல்ட்டின் மேடுபள்ளம் எல்லாம் துண்டில் ஏறும். சக்கரத்தில் தேய்த்தால் தொடுவது ஒரு கோடு மட்டுமே. துண்டு அந்தக் கோட்டைக் கடந்து போகிறது. ஆகவே ஓடும் திசையில் தளம் எவ்வளவு நேராக வரும் என்பது தண்டவாளம் எவ்வளவு நேரானது என்பதைப் பொறுத்தது. பெல்ட்டுக்கு அதில் பங்கு குறைவு.

திருகுக்கு மைக்ரோமீட்டர் தலை வாங்கவேண்டும் என்பார்கள். வேண்டியதில்லை. எம்8 திருகின் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. போகும், எம்6 திருகு 1 மி.மீ. போகும். ஒரே தண்டின் இரு முனையில் இரண்டு மரையையும் வெட்டி, ஒன்று நிலையான சட்டத்திலும் மற்றொன்று நகரும் தட்டிலும் ஓடும்படி செய்தால், ஒரு சுற்றுக்குத் தட்டு நகர்வது இரண்டின் வித்தியாசம் மட்டும்: 0.25 மி.மீ. தலையில் ஒரு வட்டத்தகடு வைத்து 25 கோடு கீறினால் ஒரு கோட்டுக்கு 0.01 மி.மீ. பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்துத் தட்டை எப்போதும் ஒரே பக்கம் அழுத்திவிட்டால் மரையின் தளர்ச்சியும் அடங்கிவிடும். டேப், டை, வட்டத்தகடு, ஸ்பிரிங் நான்கையும் ஜாலான் புசார்ப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ஒரு மத்தியானத்தில் வாங்கிவிடலாம். கோணமும் வேண்டுமா? இரண்டு சம உருளைகளை 100 மி.மீ. இடைவெளியில் பொருத்திய ஒரு பட்டை, ஒரு பக்கத்துக்கு அடியில் 8.72 மி.மீ. கனத்தில் ஒரு தாங்குகட்டை, 5 பாகை கிடைத்துவிடும். அந்தக் கனத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கோணத்தில் தவறுவது 20 வில்நொடி, அதாவது ஒரு பாகையின் நூற்றெண்பதில் ஒரு பங்கு. கத்தி செய்பவருக்கும் உளி தீட்டுபவருக்கும் அதற்குமேல் என்ன வேண்டும்?

இந்தக் கருவியின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும் காந்தத் தட்டின் முகம் சக்கரத்தின் அச்சுக்கு இணையாக இருக்காது. எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் தப்பும். அதைத் திருத்த ஷிம் என்கிற மெல்லிய செருகுதகடு வைத்து மல்லுக்கட்டவேண்டாம். புதுப் பெல்ட்டை மாட்டி, மிக மெல்லிய வெட்டாக, அந்தக் காந்தத் தட்டையே அந்த எந்திரத்திலேயே தேய்த்துவிடவேண்டும். தட்டின் முகம் இப்போது அந்தச் சக்கரத்துக்கும் அந்தத் தண்டவாளத்துக்கும் இணை. வேறு எந்த எந்திரத்துக்கும் இணையாக இருக்கவேண்டிய தேவையும் இல்லை. அதன்மேல் வைக்கும் துண்டின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக வரும். நான்கு மூலையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் நூறில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசத்தில் நிற்கும். சர்ஃபேஸ் கிரைண்டர் வைத்திருப்பவர்களும் தங்கள் காந்தத் தட்டை இப்படித்தான் அவ்வப்போது தேய்த்துக்கொள்கிறார்கள். விலையுயர்ந்த எந்திரத்துக்கு மரியாதையான முறை, பட்டறையில் செய்ததற்கு மட்டும் எப்படி ஏமாற்று வேலை ஆகும்?

"கடையில் கிடைக்கிறதே" என்பவருக்கான பதில் இதிலேயே பாதி வந்துவிட்டது. கடையில் கிடைப்பது கருவி. கருவிக்கும் உங்கள் பெல்ட்டுக்கும் உள்ள உறவு கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பளபளப்பான துணைக்கருவியையும் கடைசியில் உங்கள் எந்திரத்தில் ஷிம் வைத்துத்தான் உட்காரவைக்க வேண்டும், அதன் காந்தத் தட்டையும் உங்கள் பெல்ட்டில்தான் தேய்க்கவேண்டும். அந்த வேலை தெரிந்தவருக்குக் கடைக்கருவி ஒரு வசதி, வாங்கட்டும். தெரியாதவருக்கு அது அலங்காரம். விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. காசு மிச்சம் என்பதற்காகச் செய்யச் சொல்லும் வாதம் பலவீனமானது. பல சமயம் மிச்சமும் ஆகாது.

சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். துல்லியம் துல்லியமான எந்திரத்திலிருந்துதான் வரும் என்றால் முதல் துல்லிய எந்திரம் எங்கிருந்து வந்தது? ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் பழகிய ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் சமதளத் தகடு செய்யும் முறையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். இரண்டு தகட்டை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். இரண்டுமே தட்டை இல்லை. மூன்றாவது தகட்டைச் சேர்த்து மாற்றி மாற்றி ஒப்பிட்டால் குழிவுக்கு ஒளிய இடமில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் ஒரே நிலை மூன்றும் தட்டையாக இருப்பதுதான். கையில் சுரண்டுளி, கொஞ்சம் மை, மூன்று வார்ப்பிரும்புத் தகடு. உலகத்தின் தொழிற்சாலைத் துல்லியம் முழுவதும் இந்த வகைக் கைவேலையின் வாரிசு. காக்கி புக்கிட் ஃபிட்டரின் இரண்டு பட்டைச் சோதனையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

விட்வொர்த் வெகுதூரம் என்றால் நம் ஊருக்கே வருவோம். சிங்கப்பூர் இன்று நுண்பொறியியலில் பெயர் வாங்கிய நாடு. அந்தத் திறன் இங்கே முளைத்த விதம் இந்தியர்களாகிய நமக்குக்கூட மறந்துபோயிருக்கிறது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு கைகோத்துத் தொடங்கிய முதல் கூட்டுப் பயிற்சி நிலையம் 1972-இல் டாட்டாவோடு தொடங்கியது. அடுத்த வருடம் ரோலை கேமரா நிறுவனம், 1975-இல் பிலிப்ஸ். அச்சும் டையும் செய்யத் தெரிந்த டூல்மேக்கர்களை உருவாக்குவதுதான் நோக்கம். அந்தத் தொழிலில் பயிற்சி எந்த நாட்டிலும் வைஸில் பிடித்த இரும்புத்துண்டிலும் கையில் கொடுத்த அரத்திலும் தொடங்குவது. தமிழ்நாட்டு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவருக்கும் முதல் பாடம் அதுவே. ராவி ராவிச் சதுரம் கொண்டுவரவேண்டும், மட்டம் வைத்துப் பார்க்கவேண்டும், வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவவேண்டும். பிழையைக் கண்ணாலும் கையாலும் அறிந்த பிறகே எந்திரம். அப்படி வந்த தலைமுறை கட்டியெழுப்பிய தொழிலில் இன்று உட்கார்ந்துகொண்டு, சொந்தமாக ஜிக் செய்பவனைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

ஊரே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதும் உண்மைதான். பழைய மைக்ரோமீட்டர், கழற்றிய சறுக்குத் தண்டவாளம், பேரிங், மோட்டார் எல்லாம் துணிமேல் பரப்பி விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில், டைர்விட் ரோட்டில் பழைய ஹார்ட்வேர் கடை ஒன்றின் பெயர் இன்னும் வாசலில் இருக்கிறது. உள்ளே போனால் அருமையான காப்பி கிடைக்கும், ஆணி கிடைக்காது. காப்பிக்கடைமேல் எனக்குக் கோபம் இல்லை. கருவியைச் சுவரில் மாட்டி ரசிக்கும் ஊர், கருவி செய்பவனிடம் மட்டும் "நேரத்தை வீணாக்காதே" என்று சொல்வதுதான் உறுத்துகிறது.

நேரக் கணக்குக்காரருக்கு வருகிறேன். அவர் வாதம் எளிது: ரெஸ்ட்டும் தண்டவாளமும் செய்ய ஃபிட்டருக்கு நான்கைந்து நாள் ஆகும், அந்த நாளில் அவர் எத்தனை துண்டு தேய்த்திருப்பார் என்று பெருக்கிக் காட்டுவார். பெருக்கல் சரி. கணக்குத்தான் பாதியில் நிற்கிறது. கையால் தேய்த்து அளவு தப்பி குப்பைக்குப் போன துண்டுகள் அதில் இல்லை. ஒரே துண்டை மூன்று தடவை எடுத்து அளந்து மறுபடி தேய்த்த நேரம் இல்லை. வெளிப்பட்டறைக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தது இல்லை. ரெஸ்ட் ஒரு தடவை செய்தால் வருடக்கணக்கில் நிற்கும். கூலிக் கணக்கோ அது ஒரே நாளில் செத்துப்போவதாக வைத்துக்கொள்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. வேலை அனுமதியில் வந்து இங்கே கிரைண்டர் பிடிக்கும் தமிழர்களில் ஐடிஐ படித்தவர்கள், ஊரில் லேத் ஓட்டியவர்கள், கோவைப் பட்டறைகளில் அச்சு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே அவர்களிடம் கேட்கப்படுவது கை மட்டும். ஒருவர் மீந்த இரும்பில் ஜிக் செய்ய ஆரம்பித்தால், "விளையாடாதே, வேலையைப் பார்" என்பதுதான் வழக்கமான பதில். நான் சொன்ன ஃபிட்டரும் தன் ரெஸ்ட்டைச் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தார். அதைப் பார்த்த பிறகு முதலாளி கேட்ட முதல் கேள்வி, "இன்னொன்று செய்ய எத்தனை நாள் ஆகும்?" என்பது. மணிக்கூலிக் கணக்கை அவர் அன்றைக்கு எடுக்கவில்லை.

பாதுகாப்பு அதிகாரியின் வாதம்தான் இருப்பதிலேயே கனமானது. சொந்தமாகச் செய்தது எதுவும் சோதிக்கப்படாதது, சோதிக்கப்படாதது ஆபத்து என்கிறார். 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி துவாஸில் நடந்த வெடிப்பை நினைவூட்டுவார். மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு பட்டறையில் எதையும் ஒட்டுப்போட்டு ஓட்டுவதைப் பற்றி இந்த ஊரில் யாரும் இலேசாகப் பேசக்கூடாது. நானும் பேசவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்வோம். வெடித்த கலவை எந்திரம் பட்டறையில் செய்தது அன்று, வெளிநாட்டிலிருந்து வாங்கியது. அது முன்கூட்டியே கோளாறு காட்டியும் ஓட்டப்பட்டது. சூடான எண்ணெய், அழுத்தம், காற்றில் எழுந்த மாவுத்தூசி எல்லாம் சேர்ந்துகொண்டன. வாங்கிய எந்திரம் என்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதைத்தான் அது காட்டுகிறது. எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அறியாமல் ஓட்டுவதுதான் ஆபத்து, அது யார் செய்த எந்திரமாக இருந்தாலும்.

எல்லை எங்கே என்று கேட்டால் தெளிவாகவே சொல்லலாம். மின்கம்பி, நிறுத்தும் பொத்தான், சக்கர மூடி, பெல்ட் மூடி இவற்றில் கை வைக்கக்கூடாது. அவை துணைக்கருவி ஆகாது. துண்டைப் பிடிக்கும் பகுதியில் மட்டுமே நம் வேலை. அங்கே நல்ல ரெஸ்ட் வந்தால் விரல் பெல்ட்டிலிருந்து விலகிப்போகிறது. ஜிக் வந்தால் விரலே தேவையில்லை. ரெஸ்ட்டுக்கும் பெல்ட்டுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் விடக்கூடாது, விட்டால் மெல்லிய துண்டை பெல்ட் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆடும் தொழிற்சாலை ரெஸ்ட்டில் அந்த இடைவெளி நிற்கவே நிற்காது என்பதைப் பாதுகாப்பு அதிகாரி ஒரு தடவை அழுத்திப் பார்த்தாலே தெரிந்துகொள்வார். காந்தத்தில் ஒட்டிய துண்டுக்கு முன்னால் தடுப்புக்கட்டை கட்டாயம். சிறிய, மெல்லிய துண்டைக் காந்தத்தை மட்டும் நம்பிப் பிடிக்கக்கூடாது. கையுறை வேண்டாம். அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே தூசிப்பெட்டியில் சேர்க்கவேண்டாம். தீப்பொறி விழுந்தால் அணைக்கமுடியாத நெருப்பு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்த 2006 முதல் ஆபத்து மதிப்பீடு செய்து எழுதிவைப்பது முதலாளியின் கடமை. துணைக்கருவியையும் அந்தத் தாளில் ஏற்றுங்கள், யார் செய்தது, என்ன தேய்க்கலாம், என்ன கூடாது என்று. தடை போடுவதைவிட இது கொஞ்சம் கூடுதல் வேலைதான். தடை போட்ட பட்டறையிலும் ஆட்கள் மரக்கட்டையில் துண்டை அழுத்திப் பிடித்துத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது எந்தத் தாளிலும் இல்லை.

என் பக்கத்து ஆட்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பெல்ட் கிரைண்டரில் மைக்ரான் பிடித்தேன் என்று மார்தட்டுகிறவர்களால்தான் எதிர்த்தரப்புக்குச் சிரிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. தேய்த்த சூட்டோடு அளந்தால் எதையும் பிடித்ததாகச் சொல்லலாம். 100 மி.மீ. எஃகுத் துண்டு 40 பாகை சூடேறினால் 0.046 மி.மீ. நீளும், திருகில் நூறில் ஒன்றாகத் தள்ளி வந்த கணக்கு முழுவதும் அதில் கரைந்துபோகும். நம் ஊர்ப் பட்டறை வெப்பம் 31 பாகை, அளவையியலின் நிர்ணயம் 20 பாகை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், துண்டும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு, இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால் சேர்ந்தே நீளும். ஆனால் இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வரவேண்டும். தண்ணீரில் முக்கி, துடைத்து, கல்லின்மேல் மைக்ரோமீட்டரோடு பக்கத்தில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். வந்து அளந்தால் தெரியும் எண்ணை நம்பலாம். அதில் பிழை மில்லிமீட்டரின் நூறில் இரண்டோ மூன்றோ பங்காகத்தான் இருக்கும், ஆயிரத்தில் ஒன்றாக இருக்காது.

ஆகவே கேஜாகப் பயன்படும் துண்டு, டையின் பொருந்துமுகம் இவை சர்ஃபேஸ் கிரைண்டருக்கே போகட்டும். அனுப்புவதற்கு முன் உங்கள் பெல்ட் கிரைண்டரில் இரு முகமும் இணையாகத் தேய்த்து, 0.1 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து, நான்கு மூலையின் அளவையும் துண்டின் பக்கத்தில் மார்க்கரால் எழுதி அனுப்புங்கள். அவர்கள் தேய்க்கவேண்டியது குறையும், கூலியும் குறையும். இரண்டாவது தடவை போகும்போது அந்தப் பட்டறைக்காரரே உங்கள் ரெஸ்ட்டைப் பற்றிக் கேட்பார்.